ஸ்கூலே வேண்டாம்னு சொல்ற பெற்றோர்... 'அன்ஸ்கூலிங்' நம்ம ஊர்ல ஏன் இவ்வளவு கோபத்தைக் கிளப்புது?

'பாப்பா எந்த ஸ்கூல்?'

கல்யாணப் பந்தியில், அபார்ட்மென்ட் லிஃப்டில், கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போது... யார் வேண்டுமானாலும் கேட்கும் சாதாரணக் கேள்வி இது. 'எந்த ஸ்கூலும் இல்லைங்க, வீட்லதான் இருக்கா' என்று பதில் சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு அமைதி. 'ஏன், உடம்புக்கு ஏதாவது...?' என்று அடுத்து ஒரு சந்தேகம். அதெல்லாம் இல்லை, தெரிந்தேதான் அனுப்பவில்லை என்றால், அட்வைஸ் ஆரம்பித்துவிடும். மாமியார் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் இதில் கருத்து இருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் 'அன்ஸ்கூலிங்' என்று தேடினால் மண் அள்ளி விளையாடும் குழந்தைகள், மரத்தடியில் புத்தகம் படிக்கும் குழந்தைகள் என்று ரீல்ஸ் கொட்டுகிறது. கமென்ட் பாக்ஸுக்குப் போனால் சண்டை. 'பிள்ளையோட வாழ்க்கைய நாசம் பண்றீங்க' என்று ஒரு பக்கம். 'ஸ்கூல்ங்கறதே ஒரு ஜெயில்' என்று இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஓவர்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஹோம்ஸ்கூலிங்தானே இது?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

ஹோம்ஸ்கூலிங்கில் ஸ்கூல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. புத்தகம் உண்டு, டைம்டேபிள் உண்டு, 'இன்னிக்கு கணக்கு, நாளைக்கு அறிவியல்' உண்டு. மிஸ்ஸுக்குப் பதில் அம்மா. அவ்வளவுதான் வித்தியாசம். கொரோனா காலத்தில் லேப்டாப் முன்னால் குழந்தையை உட்கார வைத்தோமே, அது ஹோம்ஸ்கூலிங்கும் இல்லை, அன்ஸ்கூலிங்கும் இல்லை. அது ஸ்கூலின் மோசமான ஒரு ஜெராக்ஸ் காப்பி.

அன்ஸ்கூலிங்கில் பாடத்திட்டமே கிடையாது. குழந்தைக்கு எதில் ஆர்வமோ, அதன் பின்னால் பெற்றோர் போக வேண்டும். ஒரு ஆறு வயதுப் பையனுக்கு பஸ் என்றால் பைத்தியம் என்று வைத்துக்கொள்வோம். 21ஜி எங்கே போகும், 29சி எங்கே போகும் என்று போர்டைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டப் பழகுவான். எந்த ஸ்டாப்பில் மாறினால் சீக்கிரம் போகலாம் என்று யோசிக்கும்போது மணிக்கணக்கு வரும். மேப் பார்க்கக் கற்றுக்கொள்வான். டீசல் வண்டி ஏன் புகை விடுகிறது, எலெக்ட்ரிக் பஸ் ஏன் விடவில்லை என்று கேட்டால் அது அறிவியல். அப்பா அம்மா இங்கே டீச்சர் இல்லை. பஸ்ஸில் கூட்டிப்போவது, டிப்போவைச் சுற்றிக் காட்டுவது, புத்தகம் தேடிக் கொடுப்பது, கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவது, இதுதான் அவர்கள் வேலை. கேட்க ஈஸியாக இருக்கும். காலையிலிருந்து ராத்திரி வரை 'ஏன், ஏன்' என்று கேட்கும் குழந்தையோடு ஒரு நாள் முழுக்க இருந்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜே.கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளை நடத்தும் பள்ளிகள், திருவண்ணாமலையில் உள்ள மருதம் பண்ணைப் பள்ளி போன்றவை மாற்றுப் பள்ளிகள். அங்கே மணி அடிக்கும் விதம் வேறாக இருக்கலாம். ஆனால் அவையும் பள்ளிகள்தான்.

யார் ஆரம்பிச்சது?

ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்கர். அவரே ஒரு ஸ்கூல் டீச்சர் என்பதுதான் சுவாரஸ்யம். வகுப்பில் குழந்தைகளைக் கவனித்து 1964-ல் 'ஹவ் சில்ட்ரன் ஃபெயில்' என்று ஒரு புத்தகம் எழுதினார். குழந்தைகள் பாடத்தைப் புரிந்துகொள்ள முயற்சி செய்வதில்லை, டீச்சர் எதிர்பார்க்கும் பதில் என்ன என்று ஊகிக்கத்தான் முயற்சி செய்கிறார்கள், அதற்குக் காரணம் பயம் என்றார். நம் ஊர் டியூஷன் சென்டரில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இது நன்றாகவே புரியும்.

ஆரம்பத்தில் பள்ளிகளைச் சீர்திருத்தலாம் என்று நம்பியவர், பிறகு அந்த நம்பிக்கையை விட்டுவிட்டார். 1977-ல் 'க்ரோயிங் வித்தவுட் ஸ்கூலிங்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 'அன்ஸ்கூலிங்' என்ற வார்த்தை புழக்கத்துக்கு வந்தது அவரால்தான். அவருக்கு முன்பே, 1971-ல், இவான் இல்லிச் 'டீஸ்கூலிங் சொசைட்டி' எழுதியிருந்தார். இல்லிச் பேசியது சமூகத்தைப் பற்றி. ஹோல்ட் பேசியது வீட்டைப் பற்றி. இந்த வித்தியாசம் முக்கியம், கீழே மறுபடி வரும்.

இந்தியாவில் உதய்பூரில் 1998-ல் தொடங்கிய 'சிக்ஷாந்தர்' அமைப்பு இந்தச் சிந்தனையைப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோருக்கு 'ஸ்வசிக்ஷண்' என்ற கூட்டமைப்பும் இருக்கிறது. சென்னை, பெங்களூரு, புனே போன்ற நகரங்களில் வாட்ஸ்அப் குரூப் வழியாகச் சந்தித்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. எண்ணிக்கை எவ்வளவு? அரசுக் கணக்கில் இவர்களுக்கென்று தனி வரிசை இல்லை. அரசு எண்ணுவது இரண்டே வகை: பள்ளியில் இருக்கும் குழந்தை, பள்ளி செல்லாக் குழந்தை. செங்கல் சூளையில் கல் அடுக்கும் சிறுமியும், ஓஎம்ஆர் அபார்ட்மென்ட்டில் பறவைகளைப் படம் வரையும் சிறுமியும் அந்த இரண்டாவது வரிசையில் ஒன்றாக நிற்கிறார்கள்.

இந்த விவகாரத்தின் மொத்தச் சிக்கலும் அந்த ஒரே வரிசையில்தான் இருக்கிறது.

உறவுக்காரங்க சொல்றதுல நியாயம் இருக்கா?

பொதுவாக நாலு கேள்விகள் வரும். 'நாலு பேரோட பழக வேண்டாமா?' 'சர்ட்டிபிகேட்டுக்கு என்ன பண்ணுவீங்க?' 'சோம்பேறி ஆயிட மாட்டாளா?' கடைசியாக, கொஞ்சம் சூடாக: 'நீங்க ரெண்டு பேரும் இன்ஜினியரிங் முடிச்சிட்டு, பிள்ளைக்கு மட்டும் ஸ்கூல் வேண்டாம்னா எப்படி?'

என்னைக் கேட்டால், இந்த நாலாவது கேள்விதான் ஸ்ட்ராங்கானது. ஸ்கூல் வேண்டாம் என்று முடிவெடுக்கும் தைரியம் பெரும்பாலும் ஸ்கூலும் காலேஜும் கொடுத்த தைரியம். ஆங்கிலத்தில் தேடிப் படிக்கத் தெரிந்த, ஒரே சம்பளத்தில் குடும்பம் ஓட்ட முடிகிற வீடுகளில்தான் இந்தப் பேச்சே ஆரம்பிக்கிறது.

'நாலு பேரோட பழகணும்' என்பதற்கு அன்ஸ்கூலிங் பெற்றோரிடம் ரெடிமேட் பதில் உண்டு: ஒரே வயதுள்ள நாற்பது பேரை ஒரு ரூமில் அடைப்பதா பழகுவது, எங்கள் பிள்ளை எல்லா வயதினரோடும் பழகுகிறாளே என்பார்கள். பாதி உண்மை. ஆனால் அவள் பழகும் அந்த 'எல்லா வயதினரும்' யார்? அப்பா அம்மாவின் நண்பர்கள், அதே குரூப்பில் இருக்கும் குடும்பங்கள். ஒரு அரசுப் பள்ளி பெஞ்ச்சில் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதை வீடு தீர்மானிப்பதில்லை. அதே நேரம், பள்ளி என்றாலே சமத்துவம் என்றும் சொல்லிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன் பிறகுதான் நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து, கையில் கட்டும் சாதிக் கயிறு வரைக்கும் பேச வேண்டிய நிலை வந்தது. சாதி வெறுப்பை ஒரு பிள்ளை வீட்டிலிருந்து ஸ்கூலுக்குக் கொண்டுபோகிறது என்றால், வீட்டிலேயே இருந்துவிட்டால் அது குறையப் போவதில்லை.

1953-ஐ மறந்துட முடியாது

தமிழ்நாட்டில் 'குழந்தை வீட்டிலேயே கத்துக்கட்டும்' என்று சொன்னால் ஒருவித உறுத்தல் வருவதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. டெல்லியிலோ மும்பையிலோ இந்த உறுத்தல் இதே அளவில் இருக்காது.

1953-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் முதல்வர் ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். குழந்தைகள் தினமும் சுமார் மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும், மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அதே கட்டடம், அதே ஆசிரியர்களை வைத்து இரண்டு ஷிப்டில் கூடுதல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பது அரசு சொன்ன காரணம். 'செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத் தைக்கவும், சலவைத் தொழிலாளி பிள்ளை வெளுக்கவும்தானே கற்றுக்கொள்வான்?' என்பது எதிர்த்தரப்பின் வாதம். திட்டத்துக்கு 'குலக்கல்வி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெரியாரும் திமுகவும் தெருவில் இறங்கினார்கள், காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அதன் பிறகு நடந்தது தெரிந்ததுதான்: ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம், மதிய உணவு.

அன்ஸ்கூலிங்கையும் குலக்கல்வியையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒன்று குடும்பம் தானாக எடுக்கும் முடிவு, மற்றது அரசு எடுத்த முடிவு. ஆனால் 'வாழ்க்கையே பாடம்' என்ற வாசகம் யாருடைய வாழ்க்கை என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறிவிடும். அம்மா ஆர்க்கிடெக்ட், அப்பா சாஃப்ட்வேர் என்றால் வீட்டில் கிடைக்கும் பாடம் வேறு. அம்மா பீடி சுற்றுகிறார் என்றால் கிடைக்கும் பாடம் வேறு. பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்கவே மூன்று தலைமுறை போராடிய ஒரு தாத்தாவிடம் போய் 'ஸ்கூல் ஒரு ஜெயில்' என்று சொன்னால், அவருக்குக் கோபம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

சட்டப்படி ஓகேவா?

நேரடியாக 'ஓகே' என்றும் எழுதவில்லை, 'கூடாது' என்றும் எழுதவில்லை.

அரசியலமைப்பின் 21-ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரை இலவச, கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. அதைச் செயல்படுத்த வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதில் 10-வது பிரிவு, குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. படித்தால் 'அப்போ அன்ஸ்கூலிங் சட்டவிரோதம்' என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. 'கட்டாயம்' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தைப் பார்த்தால், அந்தக் கட்டாயம் அரசின் மேல்தான் விழுகிறது. குழந்தையைச் சேர்ப்பதையும், வருகையையும், படிப்பை முடிப்பதையும் அரசு உறுதி செய்ய வேண்டும். அதனால்தான் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வரும் டீச்சர் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டலாம். அவர் தன் வேலையைத்தான் செய்கிறார், கோபப்படாதீர்கள்.

2012-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், விருப்பப்பட்டு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்குக் கல்வி உரிமைச் சட்டம் குறுக்கே நிற்காது என்ற கருத்தை மத்திய அரசு பிரமாணப் பத்திரத்தில் தெரிவித்தது. அன்ஸ்கூலிங் குரூப்களில் இன்றும் ஃபார்வர்டு ஆகும் விஷயம் இது. ஆனால் பிரமாணப் பத்திரம் என்பது சட்டத் திருத்தம் ஆகாது.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒரு விஷயம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஒரு இடம் பிடித்து, ஃபீஸ் வாங்கி தினமும் பிள்ளைகளை அங்கே விட்டால், அது 'அங்கீகாரம் இல்லாத பள்ளி' என்ற வட்டத்துக்குள் வந்துவிடலாம். அதற்கு இதே சட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சட்டத்தை ஏன் தெளிவாகத் திருத்தக் கூடாது என்று கேட்கலாம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் ஒரு திருத்தம் வந்தது. 14 வயதுக்குட்பட்ட குழந்தை, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் 'பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும்' உதவலாம் என்கிறது அது. பள்ளியே இல்லாத குழந்தைக்கு 'பள்ளி நேரம்' எது? காலையிலிருந்து தறியில் உட்கார வைத்துவிட்டு 'நாங்க அன்ஸ்கூலிங் பண்றோம்' என்று ஒருவர் சொன்னால், அதிகாரி எதை வைத்து மறுப்பார்? பெண் குழந்தை என்றால் இன்னொரு கவலை. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அந்தக் காலத்தில் வேலைக்குப் போன பையன்களையும், கல்யாணம் முடிந்துபோன பெண் பிள்ளைகளையும் பற்றி டீச்சர்களிடம் கேட்டுப் பாருங்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் வராமல் போனால் யாரோ ஒருவர் கவனிக்கிறார். அந்த 'யாரோ ஒருவர்' அன்ஸ்கூலிங்கில் இல்லை.

மற்ற நாடுகளும் ஒரே மாதிரி இல்லை. ஜெர்மனியில் வீட்டுவழிக் கல்விக்கே தடை. 2006-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அந்தத் தடையில் தலையிடவில்லை. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அனுமதி உண்டு, விதிமுறைகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சர்ட்டிபிகேட்?

இதற்கு வழி இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ், 14 வயது ஆனவர்களைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவுசெய்ய அனுமதிக்கிறது. ஐந்து பாடங்கள், ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள் என்பதால் பாடங்களைப் பிரித்துப் பிரித்துக்கூட எழுதலாம். தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்பு தனித்தேர்வும் உண்டு, 12½ வயது முடிந்திருந்தால் போதும். திறந்தநிலையில் படித்தவர்கள் நீட் எழுதக் கூடாது என்ற விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-லேயே ரத்து செய்துவிட்டது.

ஆனால் சர்ட்டிபிகேட் கிடைப்பதோடு கதை முடியவில்லை. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததைக் கேட்கும்; மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்ததைக் கேட்கும். டிஎன்பிஎஸ்சியில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீதத்துக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சான்று வேண்டும். இவையெல்லாம் யாருக்காகக் கொண்டுவரப்பட்டனவோ, அந்தக் குடும்பங்களுக்கு அன்ஸ்கூலிங்கின் விலை மற்றவர்களைவிட அதிகம். பாஸ்போர்ட்டில்கூட, பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக 'குடியேற்றச் சோதனை தேவை' என்ற குறிப்பு வந்து விழும். வளைகுடா வேலைக்குப் போகும்போது அது ஒரு தலைவலி.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் பெயர் மாளவிகா ஜோஷி. மும்பையைச் சேர்ந்தவர். ஏழாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்று வீட்டிலேயே படித்தார். சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வாங்கினார். 2016-ல் அமெரிக்காவின் எம்ஐடி அவருக்கு இடம் கொடுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு சான்றிதழ் இல்லாததால் ஐஐடியின் கதவு திறக்கவில்லை. நம்ம சென்னை கணிதவியல் நிறுவனம் மட்டும் அவருடைய தரத்தைப் பார்த்து, நேராக முதுநிலை அளவிலான பாடங்களைப் படிக்க அனுமதித்தது. அருமையான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கும் பிள்ளை எந்த வழியில் போனாலும் கவனிக்கப்படும். சராசரி ஆர்வமும் சராசரித் திறமையும் உள்ள பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதுதான் நமக்கு வேண்டிய பதில். போகிற போக்கில் இன்னொன்று: 'ராமானுஜன் ஸ்கூலுக்கா போனார்?' என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. போனார். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல். பரிசெல்லாம் வாங்கினார். அவர் தோற்றது காலேஜில், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில்.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

கொஞ்சம்தான் இருக்கிறது, அதுவும் இரண்டு பக்கமும் இழுக்கிறது. பாஸ்டன் காலேஜ் உளவியலாளர் பீட்டர் கிரே, ஜினா ரைலி என்பவருடன் சேர்ந்து, அன்ஸ்கூலிங்கில் வளர்ந்து பெரியவர்களான 75 பேரிடம் சர்வே எடுத்தார். 83 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகை உயர்கல்வியை எட்டியிருந்தார்கள். தங்களுக்கு நடந்ததில் மகிழ்ச்சியே இல்லை என்று சொன்னவர்கள் மூன்றே பேர். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இவர்கள் தாங்களாகவே முன்வந்து பதில் சொன்னவர்கள். வாழ்க்கை சரியாக அமையாதவர் இப்படி சர்வே ஃபார்ம் நிரப்ப வருவாரா என்று யோசிக்க வேண்டும். அந்த மூன்று பேரின் கதையைக் கவனித்தால் ஒரு பொதுவான விஷயம் தெரிகிறது. அம்மாவுக்கு மனநலச் சிக்கல், அப்பா எதிலும் பட்டுக்கொள்ளவில்லை, வெளி உலகத் தொடர்பும் இல்லை.

கனடாவில் சாண்ட்ரா மார்ட்டின்-சாங் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி. வீட்டில் படித்த 37 குழந்தைகளையும், பள்ளியில் படித்த 37 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். முறையாகப் பாடத்திட்டம் வைத்து வீட்டில் படித்தவர்கள் பள்ளிக் குழந்தைகளைவிட முன்னால் இருந்தார்கள். பாடத்திட்டமே இல்லாமல் வளர்ந்தவர்கள் மூன்று குழுவிலும் கடைசி. அவர்கள் வெறும் 12 பேர்தான், வயதும் 5 முதல் 10 வரை. அந்த வயதில் படிப்பில் பின்தங்குவதைப் பற்றிக் கவலையில்லை என்பது அன்ஸ்கூலிங் தரப்பின் பதில். ரெண்டையும் வைத்துக்கொண்டு 'நிரூபணம் ஆகிவிட்டது' என்று யாரும் ரீல் போட முடியாது.

அந்த வேலையை யார் பார்க்கிறது?

'பெற்றோர்' என்று எழுதுகிறோம். நிஜத்தில் பெரும்பாலும் அம்மா. ஸ்கூல் என்பது படிப்பு மட்டும் இல்லை, ஒன்பதிலிருந்து நாலு வரை குழந்தையை ஒருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும்கூட. அதை நம்பித்தான் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். அன்ஸ்கூலிங் முடிவை இருவரும் சேர்ந்து எடுத்தாலும், வேலையை விடுவது யார், சொந்தக்காரர்களின் குத்தல் பேச்சைக் கேட்பது யார், ஏழு வயதாகியும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்றால் ராத்திரி தூங்காமல் கிடப்பது யார் என்று பார்த்தால் பதில் ஒன்றாகத்தான் இருக்கும். பொறுமையைப் பற்றியும் குழந்தைகளின் சுதந்திரத்தைப் பற்றியும் நிறைய எழுதும் அன்ஸ்கூலிங் உலகம், இதைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் யோசிப்பவர்கள், பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை முதலிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டிசி என்ற ஒரு தாள் இல்லாத பிள்ளைக்குப் பின்னால் எல்லா இடத்திலும் கேட்கப்போவது இவற்றைத்தான். குழந்தை என்ன செய்தது, என்ன படித்தது என்று தேதி போட்டு ஒரு நோட்டும் வைத்திருங்கள்.

ஒரு நாள் அந்தக் குழந்தையே 'நானும் யூனிஃபார்ம் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போகணும்' என்று சொன்னால்? கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு அதற்குத்தான். பள்ளிக்கே போகாத குழந்தையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். அட்மிஷன் சீசன் முடிந்துவிட்டது, வயதுச் சான்று இல்லை என்றெல்லாம் திருப்பி அனுப்ப முடியாது. பத்து வயதில் சேர்ந்தால் ஐந்தாம் வகுப்பு. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில், கட்டணம் இல்லாமல்.